நண்டு மசாலாவும் ஒரு சமனும்

போன மாதம் ஒரு மத்தியானம். கிள்ளானில் லெட்சுமி அக்காவின் சாப்பாட்டுக் கடையில் நண்டு பிரட்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் மசாலா. அக்கா வந்து ஒரு பாக்கெட்டை என் இலைக்குப் பக்கத்தில் டொப்பென்று போட்டார்.

"மோந்து பாரு தம்பி!"

மோந்தேன். இலையில் இருந்த அதே வாசனை... 'நண்டு மசாலா' என்று போட்டிருந்தது. கீழே, பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் நசீர் பாயின் மில் பெயர். அக்கா வறுத்துக் கலந்து அனுப்புவதை வருடக்கணக்காக அரைத்துக் கொடுப்பவர் அவர்தான். இப்போது அதையே பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டார்!

"விடமாட்டேன்லா. கோர்ட்டுக்கு இழுக்கிறேனா இல்லையா பாரு!"

நம் வியாபாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? கோர்ட் என்று சொல்லும்போதே நெஞ்சு விரியும். "கேஸ் போட்டிருக்கேன்" என்பதில் ஒரு கெத்து. புது கார் வாங்கிய மாதிரி நாலு பேரிடம் சொல்லலாம். "பேசித் தீர்த்துக்கிட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள்... "ஐயோ, பயந்துட்டீங்களா?" என்பார்கள்.

அக்காவும் கெத்தோடுதான் வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார். துணைக்கு நான். வக்கீலம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, இது உங்க மசாலாதான்னு காட்டணும்னா, அதுல என்னென்ன இருக்குன்னு கோர்ட்ல சொல்லணுமே. ஓகேவா?"

"யார்கிட்ட?"

"ஜட்ஜ்கிட்ட. அப்புறம்... கோர்ட்ல வந்து உட்கார்ற யாரும் கேட்கலாம். ரகசியமா வெச்சுக்கச் சொல்லி மனு போடலாம். ஆனா கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே! கட்டிய புருஷனுக்கே சொல்லாத கலவை அது. இப்போது தெரிந்தது பாய் ஒருவருக்குத்தான். கேஸ் போட்டால் கிள்ளானுக்கே தெரிந்துவிடும். போடாவிட்டால் அக்காவின் மசாலா பாயின் மசாலாவாகவே ஆகிவிடும். பாவம், அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது.

"மீடியேஷனுக்குப் போங்க," என்றார் வக்கீலம்மா. "மூடின ரூம். நடுவுல ஒருத்தர் இருப்பாங்க. உள்ள பேசுறது வெளிய போகாது. ஒத்து வரலைன்னா, கோர்ட் எங்கேயும் ஓடிடாது."

அக்கா அரை மனசோடுதான் சம்மதித்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறை. மேசைக்கு இந்தப் பக்கம் அக்காவும் துணைக்கு நானும், அந்தப் பக்கம் நசீர் பாய். நடுவில் பூச்சோங்கிலிருந்து வந்த மீடியேட்டர் அம்மா. அழகான, சுத்தமான தமிழ் பேசுபவர். வினை அங்கேதான் வந்தது!

"இருவரும் கவலைப்படாதீர்கள்," என்று புன்னகையோடு ஆரம்பித்தார். "பேசிச் சமன் செய்துவிடலாம்."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சமனா? பாக்கெட் போட்டது அவரு... சமன் எனக்கா?"

பாயும் எழுந்தார். "பேசலாம்னு கூப்பிட்டுட்டு சமன் போடுறீங்களா அக்கா? நியாயமா?"

நம் ஊரில் சமன் என்றால் மலாய்ச் சமன்தானே! போலீஸ்காரர் கார்க் கண்ணாடியில் சொருகிவிட்டுப் போகும் அபராதச் சீட்டு, இல்லையென்றால் கோர்ட்டுக்கு இழுப்பது. இரண்டு பக்கத்தையும் சரியாக்கும் தமிழ்ச் சமனைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டோம். மீடியேட்டர் அம்மா திருதிருவென்று விழித்தார். நான் குறுக்கே புகுந்து, "அக்கா, அந்தச் சமன் இல்ல, கணக்குப் பாடத்துச் சமன்!" என்று கத்தினேன்.

பாய்தான் முதலில் சிரித்தார். அக்கா அடக்கிப் பார்த்தார்... முடியவில்லை. மீடியேட்டர் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வயிறு வலிக்கச் சிரித்த பிறகு சண்டை போடுவது கஷ்டம். "ஏன் பாய் இப்படிப் பண்ணீங்க?" என்று அக்கா கேட்டபோது குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"உங்க கடையில சாப்பிட்டவங்க மில்லுக்கு வந்து கேட்கிறாங்க அக்கா. கேரி தீவிலேர்ந்துகூட வர்றாங்க. அதான் போட்டேன். உங்க கைப்பக்குவம்தான். நான் எங்கேயும் இல்லேன்னு சொல்லலையே?"

"அப்புறம் பாக்கெட்ல என் பேரு எங்க?"

பாய் தலையைச் சொறிந்தார். "தப்புதான் அக்கா. உங்களைக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும்."

எந்த ஜட்ஜ் இந்த வார்த்தையை வாங்கித் தர முடியும், சொல்லுங்கள்? அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. வறுத்துக் கலப்பது அக்கா, அரைத்து விற்பது பாய். லாபம் பாதிப் பாதி. பாக்கெட்டில் அக்காவின் பெயர், கூடவே படம். மீதி நேரம் முழுக்கச் சண்டை... படத்தில் எந்தச் சேலை கட்டுவது என்று! "பச்சை கட்டுங்க அக்கா, நண்டு சிவப்புக்கு எடுப்பா இருக்கும்," என்கிறார் பாய். அக்காவுக்கு மயில் நீலம்தான் வேண்டுமாம்.

இதை எழுத இருவரிடமும் அனுமதி கேட்டேன். பெயரை மாற்று, கலவையை எழுதாதே என்றார்கள். எனக்குத் தெரிந்தால்தானே எழுதுவதற்கு!

எழுத உட்கார்ந்தால் அக்காவிடமிருந்து போன். "தம்பி, நான்தான் ஜெயிச்சேன்னு ஒரு வரி போட்டுரு."

வைத்த கையோடு பாய். "அண்ணே, ஜெயிச்சது நான்தான்னு லேசா தெரியற மாதிரி எழுதுங்க. அக்கா மனசு நோகாம."

கோர்ட்டுக்குப் போயிருந்தால் இவர்களில் ஒருவர் தோற்றிருப்பார்!