ஹம்சா குடித்த கடல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீரால் பெரிய கலவரம்.

வந்தவன் காசிம். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்திலேயே குடியிருப்பவன். முப்பது வயதிருக்கும். முன்பு பத்தேமாரியில் — பாய் கட்டி ஓடுகிற சரக்குக் கப்பலில் — வேலை. இப்போது பஜாரில் மிளகு மூட்டை தூக்குகிறான். வெயிலில் வந்தவனுக்கு என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர்தான்... கோடை வந்தால் எங்கள் பக்கம் குழாய் காய்ந்துவிடும். கடலும் காயல் என்கிற உப்பங்கழி வழியாக உள்ளே ஏறிவிடும். கிணறு கரிக்கும். எங்களுக்குப் பழகிப்போன சங்கதி.

காசிம் ஒரு வாய் குடித்தான். அடுத்த நொடி துப்பினான். தம்ளர் உருண்டது. சுவரோரம் உட்கார்ந்து, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, வீட்ல வேற தண்ணி இல்ல..." என் மனைவி பதறிப்போனாள்.

"உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. உப்பு... அந்த உப்பு!"

காசிமின் அக்கா மரியம். அவள் புருஷன் ஹம்சா. மச்சானும் மச்சினனும் ஒரே பத்தேமாரியில் போனார்கள். போன வருஷம், மழைக்காலத்துக்கு முந்திய கடைசி நடை. திரும்பி வந்தது காசிம் மட்டும்.

'புயலில் கப்பல் உடைந்தது, அலையில் பிரிந்துவிட்டோம், மச்சானை வேறு கப்பல் ஏற்றியிருக்கும்' — வந்ததும் அவன் சொன்னது இதுதான். மரியம் நம்பினாள். கப்பல் ஏதாவது துறைமுகத்துக்குள் நுழைந்தால் படகுத்துறைக்குப் போய் நிற்பாள். ஊர் சும்மா இருக்குமா? "ஹம்சாக்கு பம்பாயில இன்னொரு குடும்பமாம்" என்றுகூடப் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு, "உசிரோட இருந்தாச் சரி" என்றாள்.

எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காசிம் சொன்னது வேறு.

"நாங்க பிரியவே இல்ல அண்ணே. சின்னத் தோணி ஒண்ணு கிடைச்சுது. ரெண்டு பேரும் அதுலதான் கிடந்தோம். ஒரு தகர டப்பா தண்ணி இருந்துச்சு. அதுவும் தீந்துச்சு. நாக்கு கட்டையாப் போச்சு. மச்சான் கடல்ல கைய விட்டு அள்ளினாரு. வேணாம் மச்சான்னு கையப் புடிச்சேன். 'ஒரு வாய்தாண்டா'ன்னாரு. புடிச்சுப் பாத்தேன்... என் கையில சத்து இல்ல."

உலகத்தில் முக்கால் பங்கு தண்ணீர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம், இல்லையா? அதில் ஒரு மடக்கு குடிக்க வழியில்லை. ஏன் என்று மறுநாள் தெரிந்த டாக்டரைக் கேட்டேன். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பாம். அத்தனை உப்பைக் கழித்து வெளியே தள்ள நம் சிறுநீரகத்துக்குத் திராணி கிடையாது. உடம்பில் மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரையும் சேர்த்துச் செலவழித்துத்தான் தள்ளும். குடிக்கக் குடிக்க உடம்பு வற்றும். தாகம் ஏறும். கடைசியில் புத்தி தடுமாறும்.

ஹம்சாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. "மரியம், சாயா கொண்டா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு அதுவும் நின்றது. காசிம் தெரிந்த துஆவை ஓதி, மச்சானைக் கடலில் இறக்கினான்.

"அன்னிக்குச் சாயங்காலமே மழை அண்ணே! அப்படி ஒரு மழை. வாயத் திறந்து குடிச்சேன். சட்டையப் புழிஞ்சு குடிச்சேன். சிரிச்சேன் அண்ணே... மச்சான எறக்கின கையோட, சிரிச்சேன். இத நான் அக்காகிட்ட எப்படிச் சொல்வேன்?"

மறுநாள் ஒரு கப்பல் அவனைக் கண்டெடுத்து பம்பாயில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வருகிற வழியெல்லாம் ஒரு பொய்யை உருட்டித் திரட்டி எடுத்து வந்திருக்கிறான்.

"ஆண்டவன் விட்ட வழி..." என்று ஏதோ முனகினேன். என் மனைவி முனகவில்லை. எழுந்து போனாள். மரியத்தைக் கையோடு கூட்டி வந்து காசிம் எதிரில் உட்காரவைத்தாள். "இப்பச் சொல்லுங்க தம்பி. இவ இன்னும் எத்தன கப்பலப் பாத்து நிக்கணும்?"

சொன்னான். தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். சாயா கேட்டதைச் சொல்லும்போது மரியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மழையில் சிரித்ததையும் சொன்னான்.

இனி இவன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"காசிமு..." என்றாள். "வயிறு நெறையக் குடிச்சியா?"

அவன் தலையாட்டினான்.

"உனக்காவது கெடச்சுதே" என்றாள். அவன் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது... நிற்கவில்லை. நானும் என் மனைவியும் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டோம்.

நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யைக் காசிம் கருணையால்தான் சொன்னான். கேட்ட நாங்களும் கருணையால்தான் தலையாட்டினோம். "வந்துடுவாரு மரியம்" என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! நம்பிக்கை நல்லது என்று இந்தப் பக்கத்தில் வாரம் தவறாமல் எழுதுகிறவன்தானே நான்? எல்லா நம்பிக்கையும் நல்லதில்லை சார்.

மறுநாள் மரியம் வெள்ளைச் சேலை உடுத்தி, இத்தா இருக்க உட்கார்ந்துவிட்டாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய துக்க காலம் அது. விவரம் தெரிந்து பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்தார். நல்ல மனுஷர். வாசலுக்கு வெளியே நின்றபடி பக்குவமாக எடுத்துச் சொன்னார். "இத்தா, புருஷன் மௌத்தான நாள்லேருந்து கணக்கும்மா. அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. சட்டப்படி நீ இருக்க வேண்டியதில்ல."

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"சட்டத்துக்கு அவர் போன வருஷம் மௌத்து, ஹஸ்ரத். எனக்கு நேத்துத்தான்."