ஓடிக் காட்டிய நாள்

கனடாவில், மிசிசாகாவில், பாண் சுட்டுக் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு கொம்பனி. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே லொறி ஓடினேன். பதினொரு லொறி, பதினொரு சாரதிகள். என் பாதை ஸ்காபரோ. எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள்தான் அதிகம்.

அங்கே வேறு பாதை ஓடியவன் ஒருவன் மல்வேர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் என்னோடு வாடகைக்கு இருந்தான். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். மனைவியைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் போட்டிருந்தான். அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். இவனுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கொம்பனி கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் வர முடியாது.

பனி கரைகிற நாட்களில் ஒரு கொம்பியூட்டர்காரர் வந்தார். இளம் வெள்ளைக்காரர், அமைதியான ஆள். எந்த லொறி எந்தக் கடைக்கு, எந்த ஒழுங்கில் போனால் நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. அதற்காக ஒவ்வொரு லொறியிலும் ஒரு நாள் ஏறினார். கடைக்குக் கடை எத்தனை நிமிடம் என்று எழுதினார்.

என் முறை வருவதற்கு முதல் நாள், கூட லொறி ஓடிய போர்த்துக்கேயர் என் தோளில் தட்டினார். மெதுவாகச் செய் என்றார். வேகம் காட்டினால் வேலையைக் கூட்டுவார்கள் என்பது எனக்கு விளங்கியது. ஆனால் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, மெதுவாக வேலை செய்ய எனக்கு வராது. வெட்கம். நாலு பாண் தட்டுத் தூக்குகிற இடத்தில் ஆறு தூக்கினேன். ஓடினேன்.

கடைக்காரர்கள் அதற்கு மேல். கையில் மணிக்கூட்டோடு வெள்ளைக்காரர் நிற்பதைக் கண்டதும் என் வேலைக்கு ஆபத்து என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கடைக்கார அண்ணை உள்ளே பார்த்துக் கத்தினார்.

"எடேய், ஓடி வாங்கோடா! தம்பியைச் சோதிக்க ஆள் வந்திருக்கு. மானத்தைக் காப்பாத்துங்கோ!"

மூன்று பேர் வந்து இறக்கினார்கள். மற்ற நாட்களில் அதே அண்ணை கால் மணித்தியாலம் காக்க வைத்துத்தான் கையெழுத்து வைப்பார். அன்றைக்கு ஐந்து நிமிடம். கொம்பியூட்டர்காரர் ஐந்து என்று எழுதினார். நான் திருத்தவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

கோடையில் முடிவு வந்தது. பத்து லொறி போதுமாம். கடைசியாகச் சேர்ந்தவன் என்னோடு இருந்தவன். அவனை நிறுத்தினார்கள்.

அவனுடைய கடைகளைப் பிரித்து எங்கள் தலையில் கட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடினோம். ஐந்து மணிக்குள் லொறி வெறுமையாகத் திரும்பியது. பாணைத் திருப்பிக் கொண்டுவருவது எங்களுக்கு இழிவு.

ஒரு நாள் அவன் கொழும்புக்குக் கதைத்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்று மனைவிக்குச் சொன்னான். போனை வைத்ததும் நான் சொன்னேன்.

"உன்ரை வேலை போனதுக்கு நான்தான் காரணம்."

"என்ன விசர்க்கதை?"

"அந்தாள் ஏறின அண்டைக்கு நான் ஓடினனான். கடைக்காரரும் வந்து இறக்கித் தந்தவை. அவர் எழுதினது சரியான நேரமில்லை."

போனை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"என்ரை லொறியிலையும்தான் ஏறினவர். நான் ஓடேல்லை. நீ ஆருக்குக் காட்ட ஓடினனீ?"



அடுத்த நாள் கொம்பியூட்டர்காரரிடம் போனேன். தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கடை கடையாக உண்மையான நிமிடத்தைக் கேட்டுக் கொம்பியூட்டரில் அடித்தார். திரையில் லொறிக்கு ஒன்றாகப் பதினொரு கோடுகள் வந்தன. மனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பத்து லொறியும் ஐந்து மணிக்குள் வந்துவிடுகிறதே, பிறகு ஏன் பதினொன்று என்று மனேஜர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம். கொம்பியூட்டர் எங்களுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தது. நாங்கள்தான் ஒதுக்கவில்லை.

மறுநாள் லொறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். அரை மணித்தியாலத்தையும் முழுதாக எடுத்தேன். ஐந்து மணிக்கு நாலு கடை மிச்சம். பாணோடு திரும்பினேன். அடுத்த நாள், விட்டுப்போன கடைகளில் ஒன்றில் அந்தக் கடைக்கார அண்ணை பிடித்துக்கொண்டார்.

"என்னடாப்பா, நேற்றுச் சனம் பாண் இல்லாமல் திரும்பிப் போச்சுது. உனக்கென்ன, கை முறிஞ்சு போச்சோ?"

"இண்டைக்கு வந்திட்டன். நாளைக்கு வருவனோ தெரியாது அண்ணை. கோபத்தை மனேஜருக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ."

"சொல்லாமல் விடுவனே!"

சொன்னார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்து வைத்தேன். அதற்குள் போர்த்துக்கேயரும் பாணோடு திரும்பினார். பிறகு மற்றவர்களும். இரண்டு கிழமையில் பதினோராவது லொறி திரும்ப ஓடியது. அவனைக் கூப்பிட்டார்கள்.

ஆனால் ஸ்பொன்சருக்கு வேலைக் கடிதம் கொடுக்க வேண்டிய திகதி தவறிவிட்டது. விண்ணப்பத்தை முதலிலிருந்து போட்டான். லொட்ஜில் அவள் இன்னும் இரண்டு வருடம் இருந்தாள்.

காலையில் லொறியைக் கிளப்பும் திறப்பு வாங்க ஒரே வரிசையில் நிற்போம். அவன் என்னோடு கதைக்க மாட்டான். மாதம் முடிய வேறு வீடு பார்த்துப் போய்விட்டான்.

அவள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு இரண்டு வான் வண்டியில் ஆட்கள் போனார்கள். மேல்வீட்டு அன்ரி கேட்டார்.

"தம்பி, நீர் போகேல்லையோ?"

"வேலை அன்ரி" என்றேன். அன்றைக்கு எனக்கு லீவு.