நான் மறைத்து வைத்த தண்ணீர் கேன்

என் மருமகள் விளாத்திகுளத்துக்காரி. மகன் கடலுக்குப் போகும்போதெல்லாம் சோற்றுத் தூக்கோடு இரண்டு கேன் தண்ணீரும் எடுத்து வைப்பாள்.

"ஏளா, ஒரு நாள் தொழிலுக்கு ரெண்டு கேனா? ஒங்க ஊரு வறட்சிய இங்கன கொண்டாராத" என்றேன் அன்றைக்கு.

"கூடுதலா இருந்தா என்ன மாமி?" என்றாள்.

கடற்கரையில் பிறந்த எனக்கு இவள் சொல்லித் தருவதா? அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு கேனை எடுத்து அடுப்படியில் மறைத்துவிட்டேன்.

அன்றைக்கே நடுக்கடலில் மகன் போன வள்ளத்தின் என்ஜின் நின்றுபோனது. மூன்றாம் நாள்தான் வேறு வள்ளக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்து, நாக்கு வீங்கி வந்த மகன் மனைவியிடம் கத்தினான். "தண்ணி வைக்கக்கூடவா துப்பில்ல? செத்துருப்பேன்ளா!"

அவள் என்னைப் பார்த்தாள். கேனை அவள் முன்பே கண்டுபிடித்துவிட்டாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"மறந்துட்டேன்" என்றாள் அவனிடம்.

இப்போது கேன்களை வள்ளம்வரை அவளே சுமக்கிறாள். நான் கை கொடுக்கப் போனால், "நீங்க இருங்க மாமி" என்கிறாள், மரியாதையாகத்தான்.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். பேத்தியை எழுதச் சொன்னால் மகன் காதுக்குப் போய்விடும் என்று, இதை நானே எழுதுகிறேன்.