மற்றப் பாதி

கல்யாண அழைப்பிதழை யாரும் குப்பையில் போடுவதில்லை. மூலையில் மஞ்சள் பூசியிருக்கும், மேலே பிள்ளையார் இருப்பார். கொடிகாமத்தில் எங்கள் ஒழுங்கைக்காரர் அவற்றைத் துஷாந்தினி அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். அக்கா வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவர். அழைப்பிதழ்ப் பூக்களை வெட்டி மேலே ஒட்டி, உள்ளே மிஞ்சிய பட்டுத் துணி பதித்து, நகையோ படமோ வைக்கிற சிறு பெட்டிகள் செய்வார். பிறந்தநாள், சாமத்தியவீடு, எதற்குப் போனாலும் கையில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிச் சுவர்களுக்குக் கிடைத்த அட்டை, மட்டையைப் போடுவார். உள்ளுக்கை போறதை ஆர் பாக்கப் போகினம் என்பார்.

தக்சாயினி அவருடைய ஒரே சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். போன ஆவணியில் தக்சாயினிக்குக் கல்யாணம். முடிந்ததும் கனடாப் பயணம். அவருக்குச் செய்த பெட்டியைப் போல அக்கா வேறெதையும் பார்த்துப் பார்த்துச் செய்யவில்லை. மூடியில் தக்சாயினியின் அழைப்பிதழில் இருந்த மயிலையே வைத்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் தக்சாயினி அந்தப் பெட்டியோடு வந்தார். பன்னீர் கொட்டி உள்துணி கழன்றிருந்தது. கழன்ற இடத்தில் ஒரு நெற்றி, இரண்டு கண்கள். தக்சாயினியின் அப்பா.

முந்தின வருஷம் அவர் காலமானபோது, முப்பத்தோராம் நாள் கிரியையில் அவர் படம் போட்டு நினைவாகக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தின் மட்டை அது. அக்கா தன் கையால் வாங்கிவந்தது. மாரியில் நனைந்து தாள்கள் உதிர்ந்துபோக, மட்டை மட்டும் குவியலில் குப்புறக் கிடந்திருக்கிறது. அக்கா திருப்பிப் பார்க்கவில்லை. வெள்ளைப் பக்கத்தில் கோடு போட்டு வெட்டிவிட்டார்.

செத்தவீட்டுச் சாமானை மங்கலத்துக்குத் தந்திருக்கினம் என்று மாப்பிள்ளையின் தாய் முகம் சுழித்தாராம். ஆனால் தக்சாயினி அதற்காக வரவில்லை.

"மற்றப் பாதி எங்கையடி?"

வேறு கல்வெட்டு ஒன்று தேடித் தருவதாக அக்கா சொன்னார்.

"முழுக் கல்வெட்டு எங்கடை வீட்டிலை கிடக்கு. அதுக்கில்லை. அப்பா வாயில்லாமல் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறார், துஷா. நீ வெட்டினதை நீயே சேத்துத் தா."

அக்கா குவியலைக் கிளறினார். இல்லை. அந்த நாட்களில் செய்த வேறொரு பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அவையெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டன.

"கிடைச்சால் கோல் எடு" என்று சொல்லிவிட்டுத் தக்சாயினி இருந்த பாதியோடு போனார். கிடைக்காமல் எப்படி எடுப்பது என்று அக்கா இன்றுவரை எடுக்கவில்லை. கனடாவிலிருந்தும் கோல் வரவில்லை.

சென்ற கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது தந்த பெட்டியைக் கேட்டார். கிழித்துப் பார்க்கச் சொன்னார் அம்மா. அக்கா பிளேட்டால் துணியின் ஓரத்தை மெல்லக் கீறி, ஒவ்வொரு சுவராக விலக்கினார். நானும் அம்மாவும் குனிந்து பார்த்தோம்.

பால்மாப் பெட்டி மட்டை. அதில் ஒரு பசு, முகம் குறையாமல், எங்களைப் பார்த்தது.

அக்கா பசை தடவி, துணியை முன்பைவிட வடிவாக ஒட்டித் தந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். பிறகு போய் அடுத்த வீட்டுப் படலையைத் தட்டினார்.