கத்தியக்காவின் பங்கு

கத்தியால்தான் தனக்கு அந்தப் பெயர் வந்தது என்று கத்தியக்கா சொல்வார். வாயால் வந்தது என்று மார்க்கெட்டில் மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஏரிக்கரை மீன் மார்க்கெட்டில் வாங்குபவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுப்பது அவருடைய தொழில். மீனைப் பலகையில் கிடத்தினால், வாலிலிருந்து தலைப்பக்கம் நாலு இழுப்பில் செதிள் போய்விடும். செவுளுக்குள் விரலை விட்டு ஒரு திருகு, வயிற்றில் ஒரு கீறல், அவ்வளவுதான். வாங்கியவர் சில்லறை தேடி முடிப்பதற்குள் துண்டுகள் பையில் இருக்கும். இந்த வேகத்திலும் வாய் ஓயாது. "என்ன சார், பல் துலக்குற பிரஷ்ஷை விடச் சின்னதா வாங்கிட்டு வந்திருக்கீங்க? இதை எங்க புடிச்சு வெட்டுறது?" என்று என்னையே பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் அவர் மார்க்கெட் பக்கமே வந்ததில்லை. கணவர் அங்கே மீன் பெட்டி இறக்கும் வேலையில் இருந்தார். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முதுகு போனபின் அவர் நிமிர்ந்து நடக்கவில்லை. மறுவாரமே அக்கா பலகை வாங்கி உட்கார்ந்துவிட்டார். முதல் மாதத்தில் மீனை விட விரல்களைத்தான் அதிகம் வெட்டிக்கொண்டாராம். அந்தப் பலகையில் உட்கார்ந்தே ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். இந்தக் கதை நடந்தபோது அந்த மகள் பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள்.

ஆய்பவர்களுக்குக் கூலி கொஞ்சம்தான். அதை ஈடுகட்ட ஒரு வழக்கம் இருந்தது. வாங்கியவர் வேண்டாம் என்று விடுகிற தலை, தோல், வயிற்றுப் பகுதி எல்லாம் ஆய்பவருக்கு. அதற்குப் பெயர் பங்கு. அக்காவின் அலுமினியத் தொட்டியில் சேர்கிற பங்கில் அவர் வீடு சாப்பிடும். மிச்சத்துக்கு மார்க்கெட்டின் பின் வரிசை வீட்டுப் பெண்கள் மத்தியானம் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் கிளார்க். ஏரிக்கு மேல்புறம் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறை மூடிப் பல வருடமாகியும் அங்கே சிந்திய எண்ணெய் போகவில்லை. அதிலிருந்த ரசாயனம் சேற்றில் இறங்கி, மீனுக்குள் ஏறி, கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. பரிசோதனை முடிவு வந்ததும் கூட்டம் போட்டார்கள்.

"கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடுற மீன் இது. தடை போடுங்க" என்றார் சுகாதாரத் துறை டாக்டரம்மா.

"தடை போட்டா நானூறு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்" என்றார் மீனவர் சங்கத் தலைவர். "அதோட, இந்த மீனை விட்டா எங்க பிள்ளைங்களுக்குச் சத்தா வேற என்ன இருக்கு? நீங்க வாங்கித் தருவீங்களா?"

அந்தக் குழந்தைகளை எடை போட்டு, அது போதாமல் இருப்பதைப் பார்ப்பவர் டாக்டரம்மாதான். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தோல், வயிற்றுக் கொழுப்பு, தலை இவற்றை எடுத்துவிட்டால் உள்ளே போகிற அளவு நன்றாகக் குறையும், மீனை விற்கலாம். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

தலைவர் என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "தம்பி, விஷம் கிஷம்னு எழுதிடாதீங்க. மறுநாளே மார்க்கெட்டை இழுத்து மூடணும்." அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் "உடல்நலம் கருதி" என்று ஆரம்பித்து, நீக்க வேண்டியவற்றைக் கொட்டை எழுத்தில் போட்டு, காரணத்தை அடியில் பொடி எழுத்தில் வைத்தேன். "கொஞ்சம் மழுப்பலா இருக்கே?" என்றார் டாக்டரம்மா. "எல்லாரும் ஒத்துக்கணும்ல மேடம்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த நோட்டீஸைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மீன் வாங்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். "வயித்துப் பகுதியைச் சுத்தமா எடுத்துடுங்க" என்றேன்.

"இப்ப எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார். கொழுப்பு ஏறிடுமாம், படிச்சவங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே வழித்துத் தொட்டியில் போட்டார். "எந்தப் புண்ணியவான் அந்த நோட்டீஸை எழுதினானோ, அவன் நல்லா இருக்கணும். என் பங்கு ரெண்டு மடங்காயிடுச்சு. பொண்ணு பெத்து நாப்பது நாள் ஆகுது. இந்த வயித்துப் பகுதியத்தான் தினமும் போடுறேன். பால் நல்லா ஊறுது."

அத்தனை பேர் உட்கார்ந்து பேசினோமே, எடுக்கிற வயிற்றுப் பகுதி எங்கே போகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுற்றி ஆட்கள் நின்றார்கள் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. வீட்டில் அந்த மீன் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடை விரிக்கும் முன்பே போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்விட்டார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், வயிற்றுப் பகுதியை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள் என்றாராம் டாக்டரம்மா.

கத்தல் வியாழக்கிழமை வந்தது. நோட்டீஸ் பற்றிய மறுபரிசீலனைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா நுழைந்தார். காலையில் சேர்ந்த பங்கோடு தொட்டியை மேசை நடுவில் வைத்தார். தலைவர் ஃபைலை அவசரமாகத் தூக்கிக்கொண்டார்.

"நானூறு குடும்பம்னு சொன்னீங்களே தலைவரே, அதுல என் குடும்பம் உண்டா? கிண்ணத்தோட நிக்கிறாங்களே, அவங்க உண்டா?"

"கீழே கொட்டிட வேண்டியதுதானே அக்கா" என்றார் தலைவர்.

"கொட்டிட்டு? இது என் கூலி. உங்க கூலியை யாராவது கொட்டச் சொன்னா கொட்டுவீங்களா?"

டாக்டரம்மா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தப்பு என்னோடதும்தான். நீங்க என்ன கேக்கறீங்க, சொல்லுங்க" என்றார்.

"முதுகுப் பக்கம் ஒரு துண்டு. ஆயுற ஒவ்வொரு பெரிய மீனுக்கும். இதை மார்க்கெட்டே வாங்கிப் புதைக்கட்டும்."

வாங்குபவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தலைவர் இழுத்தார். வியாபாரம் படுத்துவிடும் என்றார். ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் தொட்டியில் சேர்வதை மார்க்கெட்டே புதைக்கும், துண்டை வாங்குபவர் தர வேண்டியதில்லை, சங்கம் தரும் என்று முடிவானது. ஒவ்வொரு பெரிய மீனுக்கும் முடியாது, ஆய்பவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு துண்டு என்றுதான். பின் வரிசைப் பெண்களைப் பற்றி எதுவும் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது அக்கா வராந்தாக் குழாயில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"சார், பொண்ணு வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் பிசைஞ்சு ஊட்டினேன். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"டாக்டரம்மா சொன்னாங்களே..."

"அவங்க சொன்னதை நான் கேட்டுட்டேன். எழுதினவர் நீங்க. நீங்க சொல்லுங்க."

ஆகாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்தபின் முடியவில்லை.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்றாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியாது அக்கா. எனக்கும் தெரியாது."

அக்கா தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"இதை அந்தக் காகிதத்துல பெருசா எழுதியிருந்தா, யாராவது படிச்சுச் சொல்லியிருப்பாங்க சார். நான் ஊட்டியிருக்க மாட்டேன்."