வாக்குரிமை இல்லாத பங்கு

இத்தாலியில், பலேர்மோவில் வீட்டுவேலை செய்த எங்கள் ஆட்களில் பங்குச் சந்தையில் காசு போட்ட ஒரே மடையன் நான்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சீட்டுப் பிடித்தார்கள், நகை செய்தார்கள், கொழும்பில் காணி பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் பதினொரு வருடம் கணக்கெழுதிய திமிர் அது. நிலம் துடைத்தாலும் நான் ஐந்தொகை படிக்கத் தெரிந்தவன் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

எல்லாம் குப்பையில்தான் தொடங்கியது. நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா கணவனை இழந்தவர். வருகிற கடிதங்களில் பாதியை உடைக்காமலே எறிந்துவிடுவார். அப்படி எறிந்த தடித்த உறையொன்றில் ஒரு கம்பனியின் வருடாந்த அறிக்கை இருந்தது. வடக்கே, தரைக்குப் பதிக்கிற ஓடு செய்கிற கம்பனி. சிஞ்ஞோராவின் தகப்பன் எந்தக் காலத்திலோ அதன் பங்குகளை வாங்கி மகளுக்கு விட்டுப்போயிருந்தார். மொழிதான் இத்தாலியன், இலக்கங்கள் எல்லோருக்கும் பொது. கடன் இல்லை. சொந்த நிலம், சொந்தக் கட்டடம், வங்கியில் காசு. அவ்வளவையும் கூட்டிப் பங்குகளால் வகுத்தேன். யன்னல் கண்ணாடி துடைக்க வைத்திருந்த பத்திரிகையில் அன்றைய விலையைத் தேடினேன். வகுத்து வந்ததில் பாதிதான் விலை. கையிலிருந்த துணியை வைத்துவிட்டு இரண்டாம் தரமும் கூட்டிப் பார்த்தேன்.

மிலானோச் சந்தை அப்போது அப்படித்தான் இருந்தது. ஐரோப்பாவின் பெரிய சந்தைகளுக்குப் பக்கத்தில் அது சின்னது. நாலைந்து பெரிய கம்பனிகளைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பார்கள். மிச்சத்தைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஆளில்லாத இடத்தில்தான் மலிவு கிடக்கும் என்பது என் கட்சி.

அதிலும் ஒரு விசேஷம் கண்டேன். பத்திரிகையில் அந்தக் கம்பனியின் பெயர் இரண்டு வரிகளில் இருந்தது. இரண்டாவது வரியில் ‘ரிஸ்பார்மியோ’ என்று சேர்த்திருந்தார்கள், விலை இன்னும் பாதி. ரிஸ்பார்மியோ என்றால் சேமிப்பு. தபால் கந்தோரில் எங்கள் ஆட்கள் காசு போடுகிற புத்தகத்திலும் அந்தச் சொல்தான். வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு ஓய்வு. வங்கிக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த எழுதுவினைஞர் பொறுமையாகச் சொன்னார்: “இலாபத்தில் கொஞ்சம் கூடத் தருவார்கள். ஆனால் கம்பனியின் கூட்டத்தில் உங்களுக்கு வாக்கு இல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியில் இருக்கிறவனுக்கு இத்தாலியில் வாக்கில்லை. ஊரிலிருந்த வாக்கைப் போட வழியில்லை. வாக்கில்லாமலே இத்தனை வருடம் சோறு தின்றவனுக்கு, வாக்கில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளைப் பாதி விலையில் தருகிறார்கள். நான் வேண்டாமென்பேனா? கையிலிருந்த முழுவதற்கும் வாங்கினேன்.

கையிலிருந்தது என் காசு இல்லை. என் மனைவி இரண்டு வீடுகளில் உடுப்பு ஸ்திரிக்கை போட்டு, தன் தம்பிக்காகச் சேர்த்தது. அவன் சண்டை நடந்த வன்னியிலிருந்து தப்பி வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தான். இத்தாலிக்கு எடுப்பதற்கு ஏஜென்சிக்காரன் கேட்ட தொகையில் சரி பாதி எங்களிடம் சேர்ந்திருந்தது. அந்தப் பங்கு இரண்டு மடங்கானால் முழுவதையும் ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் பொரிக்கிற கடைகளைத் தாண்டி, கடலோரக் கல்லில் இருந்துகொண்டுதான் அவளுக்குச் சொன்னேன்.

“பாதிக் காசு குடுத்தாலே எடுக்கிறன் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன்தானே?” என்றாள்.

“முழுசாக் குடுப்பம். ஆருக்கும் கடன்பட வேண்டாம். கொஞ்சம் பொறும்.”

“என்ர காசை அதிலை போடேக்கை என்னை ஒரு சொல் கேட்டனீங்களோ?”

“உமக்கு உது விளங்காது,” என்றேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விலை அசையவில்லை. அடுத்த அறிக்கை வந்தது. கம்பனியிடம் காசு கூடியிருந்தது, பங்கு விலையோ இறங்கியிருந்தது. அப்படியென்றால் இன்னும் மலிவு என்று சந்தோஷப்பட்டேன். கொழும்பிலிருந்து தம்பியின் கடிதங்கள் வந்தன. “அக்கா, இஞ்சை அடிக்கடி பொலிஸ் வந்து பேர் பதியினம். வெளியிலை போகப் பயமாக் கிடக்கு. அத்தானை அவசரப்படுத்தாதேங்கோ.” அவள் அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் அவனை நல்ல பிள்ளை என்பேன். எனக்கு அப்போது பெரிய பொறுமைசாலி என்று நினைப்பு. லொட்ஜில் பொறுத்துக்கொண்டிருந்தது அவன்.

ஒன்றரை வருடம் கழித்து நான் எதிர்பார்த்தது நடந்தது. வேறொரு குடும்பம் அந்தக் கம்பனியை வாங்க முன்வந்தது. சிஞ்ஞோராவுக்குப் பதிவுத் தபால் வந்தது. சந்தை விலையைப்போல் இரண்டு மடங்கு. குசினியில் நின்றபடியே வாசித்தேன். என் கணக்கில் ஒரு சதம் பிழையில்லை. அன்று வீட்டுக்குப் போய் அவளிடம், “உம்மட தம்பி வாறான்,” என்றேன். அவள் அழுதாள். பிறகு எழும்பிப் போய் அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டாள்.

வியாழக்கிழமை வங்கியில் அதே எழுதுவினைஞர் என் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்த விலை வாக்குள்ள பங்குகளுக்கு மட்டும். கம்பனியை ஆள அவர்களுக்கு அது போதும். உங்களுடையதை வாங்கச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.”

நான் அவரோடு வாதாடினேன். ஒரே நிலம், ஒரே கட்டடம், ஒரே காசுதானே என்றேன். ஓம், ஒரே காசுதான், அதை என்ன செய்வதென்று முடிவெடுப்பது நீங்கள் இல்லை என்றார். அவரில் எனக்கு வந்த கோபம் நியாயமில்லாத கோபம். மனுசன் முதல் நாளே சொன்னவர்.

சிஞ்ஞோராவினது வாக்குள்ள பங்கு. அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான், கொண்டுபோய்த் தபாலில் சேர்த்ததும் நான்தான். “இது நல்ல விலையா?” என்று என்னைக் கேட்டார். நல்ல விலை என்றேன். ஒரு அறிக்கையையும் உடைத்துப் பாராத அவருக்குக் காசு வந்தது. புதிய முதலாளிகள் கம்பனியின் வங்கிக் காசைத் தங்கள் வேறு தொழிலுக்கு மாற்றினார்கள்; எல்லாம் சட்டப்படி. எங்கள் பங்கை வாங்க ஆளில்லாமல் போனது. கடைசியில் கொடுத்த விலையின் பாதிக்கும் கீழே விற்றேன். அதோடு அந்த ஒன்றரை வருடத்தில் அவள் மறுபடி சேர்த்ததையும் கூட்டினால், ஏஜென்சிக்காரன் முதலில் கேட்ட அதே பாதித் தொகை வந்தது.

காசு கைக்கு வந்த அன்றே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து லொட்ஜுக்கு எடுத்தோம். அவள்தான் கதைத்தாள். நான் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“அந்தத் தம்பியோ?” என்றார் லொட்ஜ்காரர். “அவர் போன கிழமை ஊருக்குத் திரும்பிப் போட்டார் பிள்ளை. பொலிஸ் ரெண்டு தரம் பிடிச்சுக்கொண்டு போய்ப் பிறகு விட்டவங்கள். இனி ஏலாது எண்டிட்டார்.”

“நான் காசு அனுப்பிறன் எண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

“ஆரிட்டைச் சொல்ல? வவுனியாவுக்கு அங்காலை போன் இல்லையே.”

அதன் பிறகு சண்டையில் வன்னிப் பாதை மூடிவிட்டது. அவனிடமிருந்து கடிதம் வரவில்லை, இன்றுவரை இல்லை. யார் யாரிடமோ விசாரித்தோம். கண்டவர்கள் இல்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இது தெரியாது. திரும்பி நடந்து வரும்போது, வேறு யார் மூலமாவது சொல்லி அனுப்பலாம் என்று நான்தான் வழி முழுக்கக் கதைத்தேன்.

வீட்டுக்கு வந்து காசு உறையை மேசையில் வைத்தேன்.

“இதை என்ன செய்யிறது?” என்று கேட்டேன். அவளுடைய காசைப் பற்றி அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நீங்களே வைச்சிருங்கோ,” என்றாள்.