பாலமுருகனாக நடித்த தங்கசாமி

இரணியல் பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் தெருக் கடைக்காரர்தான் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, நம்ம முருகன் போயிட்டான்." தங்கசாமி இறந்துவிட்டான் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

பத்து வயதில் சென்னைக்குப் போய் ஒரு படத்தில் பாலமுருகனாக நடித்துப் பாடியவன் அவன். கொட்டகைகளில் பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். சில வருடங்களில் குரல் உடைந்தது, மீசை அரும்பியது. கம்பெனியார் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஆர்மோனியம் வாசித்த நாடகக் குழுவில் சேர்ந்து, காவலாளியாகவும் தூதனாகவும் நின்றான். ஒருமுறை வாய்ப்புக் கேட்டு மறுபடியும் சென்னைக்குப் போய் வந்தான்.

"என்ன மக்கா சொன்னாங்க?"

"என் பழைய போட்டோவப் பாத்துட்டு, இந்தப் பிள்ளைக்க அண்ணனான்னு கேட்டாங்க அண்ணாச்சி." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பிறகு அஞ்சுகிராமத்தில் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். இடைவேளையில் பாலமுருகன் நேரில் பாடுவார் என்று கொட்டகைக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தங்கசாமி மறுத்துப் பார்த்தான், நடக்கவில்லை. சுருதியைக் குறைத்து வாசித்தேன். அவன் இரண்டாவது அடிக்கு வருவதற்குள், "இது யாருவே? முருகன வரச்சொல்லும்!" என்று கூச்சல் எழுந்தது. அவன் நிறுத்தாமல் பாடினான். இன்னும் உரக்க வாசிப்பதைத் தவிர எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

திரும்பும்போது சொன்னான்: "அந்தப் பய எப்பவோ செத்தாச்சு அண்ணாச்சி. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காங்க."

அடுத்த மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. காசம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போயிருந்த அன்று, அடுத்த கட்டில்காரரின் மனைவி அவன் யாரென்று கேள்விப்பட்டு, காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"முருகா, பிள்ளைக்கித் திருநீறு பூசி விடும்."

"தள்ளி நில்லுங்க அக்கா. எனக்கு இருமல்."

அவள் நகரவில்லை. "சாமி கோவப்படுதே," என்று அழத் தொடங்கினாள்.

"நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி, நான் ஆருன்னு."

"இவன் பேரு தங்கசாமிம்மா. நாடகத்துல நிக்கான். பிள்ளையக் கொண்டு போங்க," என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. குழந்தையை இன்னும் அருகே நீட்டினாள். தங்கசாமி சுவர்ப்பக்கம் திரும்பி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

உங்களில் பலருக்குப் படத்தில் வந்த அந்தப் பிள்ளையின் முகம் நினைவிருக்கும். என்னிடம் இருப்பது அந்த முதுகுதான். அவள் குழந்தையோடு விலகிப் போகும்வரை, இருமலை அடக்கி அடக்கிக் குலுங்கிய முதுகு.